மன்னிப்பும் ஜாமீன் கையெழுத்தும்: குமரிப் பயணக் குறிப்புகள்

வியாழன், நட்டாலம்

இந்தத் தவக்காலத்தில், விசுவாசத்துக்காக உயிர்விட்ட புனித தேவசகாயம் நடந்த வழியில் ஒரு சுற்று போய்வரலாம் என்று அக்காதான் ஆரம்பித்தாள். அவர் பிறந்த ஊர், ஞானஸ்நானம் பெற்ற ஊர், சுட்டுக் கொல்லப்பட்ட மலை, அடக்கம் செய்யப்பட்ட கோவில் எல்லாமே நாகர்கோவிலிலிருந்து பேருந்தில் போய் அன்றன்றே திரும்பிவிடக்கூடிய தூரத்தில்தான் இருக்கின்றன. ஓர் அறை எடுத்துத் தங்கிக்கொண்டால் போதும். அக்காவுக்கு முழங்கால் வலி உண்டு. அதனால் நடைப்பயணம் என்ற பேச்சை முதலிலேயே தள்ளிவிட்டோம்.

முதலில் நட்டாலம். மார்த்தாண்டத்துக்குப் பக்கத்தில், ரப்பர் மரங்களுக்கு நடுவே இருக்கிறது. 1712 ஏப்ரல் 23 அன்று இங்கே பிறந்தவர் நீலகண்டப் பிள்ளை. திருவிதாங்கூர் அரசர் மார்த்தாண்ட வர்மாவின் அரண்மனையில் வேலை பார்த்தவர், வசதியான குடும்பம். கிறிஸ்தவரான பிறகுதான் தேவசகாயம் ஆனார். வார நாள் என்பதால் கூட்டமே இல்லை. செபித்துவிட்டு வெளியே வந்து நிழலில் உட்கார்ந்தோம். ஊரைப் பற்றி எழுத இதற்கு மேல் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. நாங்கள் இருவரும் எதற்காகக் கிளம்பினோம் என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

பெரியப்பா மகன் ஒருவர் இருக்கிறார், எங்களுக்கு அண்ணன் முறை. வீடு கட்டக் கடன் வாங்கும்போது என்னிடம் ஜாமீன் கையெழுத்து கேட்டார், போட்டேன். சில மாதங்கள் தவணை கட்டினார், அப்புறம் நிறுத்திவிட்டார். கடன் என் சம்பளத்தில் பிடிக்கப்பட்டது. மகளின் கல்லூரிப் படிப்பு, அம்மாவின் மருத்துவச் செலவு எல்லாவற்றோடும் சேர்ந்து அதுவும் ஓடி, ஒரு வழியாக அடைந்தது. அந்த வீட்டில் அவர் குடியிருக்கிறார். கல்யாணம், துக்கம் எங்கே பார்த்தாலும் "என்ன தம்பி, நல்லாருக்கியா?" என்று தோளில் கை போடுகிறார். பணத்தைப் பற்றி இன்றுவரை ஒரு வார்த்தை கிடையாது.

இதை யாரிடம் சொன்னாலும் ஒரே பதில்தான் வருகிறது: "மன்னிச்சு விட்டுடுங்க, ஆண்டவர் பார்த்துப்பார்." பங்குக் கோவிலில், உறவில், அக்கம்பக்கத்துக் கிறிஸ்தவர்கள் கூடுகிற அன்பியக் கூட்டத்தில் எல்லா இடத்திலும் இதே பதில். அவரிடம் போய் "கட்டிவிடு" என்று சொன்னவர் மட்டும் ஒருத்தர்கூட இல்லை. அக்காவிடம் கேட்டேன், நீ அவரை மன்னித்துவிட்டாயா என்று. "எப்பவோ மன்னிச்சுட்டேன். ஆனா பணத்தைக் கேட்பேன்" என்றாள்.

அது எப்படி இரண்டும் ஒன்றாக முடியும் என்று அப்போது புரியவில்லை.

வெள்ளி, உதயகிரிக் கோட்டை, புலியூர்க்குறிச்சி

நாகர்கோவிலிலிருந்து தக்கலை போகிற சாலையில் புலியூர்க்குறிச்சியில் இறங்கினால் உதயகிரிக் கோட்டை. உள்ளே இப்போது வனத்துறையின் பூங்கா. மான், மயில், பள்ளிப் பிள்ளைகள் என்று கலகலப்பாக இருக்கிறது. அதைத் தாண்டிப் போனால் கூரை இல்லாத ஒரு பழைய சிற்றாலயம். அதற்குள் டி லனாய் கல்லறை.

யுஸ்டாக்கியுஸ் டி லனாய் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் படையோடு வந்தவர். 1741 ஆகஸ்ட் 10 அன்று குளச்சல் போரில் மார்த்தாண்ட வர்மாவிடம் அந்தப் படை தோற்றது. சிறைபிடிக்கப்பட்ட டி லனாய், தன்னைத் தோற்கடித்த அரசரிடமே வேலைக்குச் சேர்ந்தார். திருவிதாங்கூர்ப் படையை ஐரோப்பிய முறையில் பழக்கினார், கோட்டைகளைப் பலப்படுத்தினார், வலிய கப்பித்தான், அதாவது பெரிய தளபதி ஆனார். 1777-ல் இறந்து இங்கேயே புதைக்கப்பட்டார். கல்லறைக் கல்லில் லத்தீன் எழுத்தோடு தமிழ் எழுத்தும் இருக்கிறது. அக்கா குனிந்து விரலால் தடவித் தடவி வாசிக்கப் பார்த்தாள். பழைய எழுத்து, புள்ளி இல்லாமல் ஓடுகிறது. இரண்டு மூன்று சொல் பிடிபட்டதும் விட்டுவிட்டாள். பக்கத்தில் மனைவியின் கல்லறை. களக்காட்டுப் போரில் இறந்த மகனின் கல்லறையும் அங்கேதான்.

அரசர் செய்ததை மன்னிப்பு என்று சொல்ல மாட்டேன். அவருக்குத் தளபதி தேவை, இவருக்கு உயிர் தேவை, கணக்கு சரியாக வந்தது. பகையாளியோடு ஒரே கோட்டைக்குள் வாழ்வதற்கு அந்தக் கணக்கே போதுமாக இருந்திருக்கிறது. நம் குடும்பங்களில் 'சமாதானம் ஆகிவிட்டது' என்று சொல்லப்படுகிற பல விஷயங்கள் இந்த வகைதான் என்று தோன்றியது.

இந்த டி லனாய்தான் நீலகண்டப் பிள்ளைக்கு விவிலியத்தில் வரும் யோபுவின் கதையைச் சொன்னவர். பிள்ளையின் குடும்பத்தில் அடுத்தடுத்து இழப்புகள். ஆடுமாடுகள் செத்தன, விளைச்சல் போயிற்று. மனம் நொந்து வந்தவரிடம், எல்லாம் இழந்தும் கடவுளை விடாத யோபுவைப் பற்றிப் பேசியிருக்கிறார். அங்கிருந்துதான் எல்லாம் தொடங்கியது.

மதியம் மரத்தடியில் உட்கார்ந்து யோபு நூலின் கடைசி அதிகாரத்தை எடுத்து வாசித்தேன். பிரசங்கத்தில் நிறைய முறை கேட்டதுதான். யோபு தன் நண்பர்களுக்காக வேண்டிக்கொண்டபோது இழந்ததெல்லாம் இரண்டு மடங்காகத் திரும்பக் கிடைத்தது, ஆகவே நாமும் மன்னிக்க வேண்டும் என்று முடிப்பார்கள். அது 42-ஆம் அதிகாரம், 10-ஆம் வசனம். அதற்கு மூன்று வசனம் முன்னால் போய்ப் பாருங்கள். மன்னித்துவிடு என்று கடவுள் அங்கே யோபுவிடம் சொல்லவே இல்லை. அந்த நண்பர்களில் ஒருவரான எலிப்பாசைக் கூப்பிட்டு, உன்மேலும் உன் நண்பர் இருவர்மேலும் எனக்குக் கோபம் என்கிறார். ஏழு காளை, ஏழு ஆட்டுக்கடா எடுத்துக்கொண்டு யோபுவிடம் போங்கள் என்கிறார். அவர்கள் போகிறார்கள். அதற்குப் பிறகுதான் யோபு வேண்டிக்கொள்கிறார்.

சாம்பலில் துக்கத்தோடு உட்கார்ந்திருந்தவனிடம் 'நீதான் ஏதோ தப்பு செய்திருப்பாய்' என்று பக்கம் பக்கமாகப் பேசியவர்கள் அந்த நண்பர்கள். அவர்களைக் கடவுள் சும்மா விடவில்லை. காளையை ஓட்டிக்கொண்டு, ஊர் பார்க்க, அந்த மனிதனின் வாசலுக்கு அனுப்பினார். ஏழு காளை என்றால் சும்மா இல்லை. இத்தனை வருடப் பிரசங்கத்தில் அந்தக் காளைகளைப் பற்றி ஒருவரும் எனக்குச் சொன்னதில்லை.

சாயங்காலம் முட்டிடிச்சான் பாறைக்குப் போனோம். கைது செய்து இழுத்துப் போகிற வழியில் தாகம் தாங்காமல் தேவசகாயம் முழங்கையால் பாறையில் இடிக்க, தண்ணீர் சுரந்ததாக நம்பிக்கை. சின்னக் குழி, அதில் தெளிந்த நீர். ஒரு அம்மா கைப்பிள்ளையின் உதட்டில் ஒரு சொட்டு வைத்துக்கொண்டிருந்தார். எங்களுக்கும் கொஞ்சம் அள்ளிக் கொடுத்தார்.

சனி, காற்றாடிமலை

ஆரல்வாய்மொழி. முப்பந்தல் பக்கம் எங்கே திரும்பினாலும் காற்றாலைகள். வெயில் காலை எட்டு மணிக்கே சுள்ளென்று அடித்தது.

1749-ல் கைதானவரை உடனே கொல்லவில்லை. எருமைமேல் பின்புறம் பார்க்க உட்கார வைத்து, எருக்கம்பூ மாலை போட்டு ஊர் ஊராக இழுத்துப் போனார்கள். அடித்த காயத்தில் மிளகாய்ப் பொடி தடவினார்கள். பெருவிளையில் வேப்ப மரத்தில் கட்டிப்போட்டார்கள். கடைசியில் இந்தக் காட்டுக்குக் கொண்டுவந்து, 1752 ஜனவரி 14 அன்று சுட்டுவிட்டார்கள். உடலை அப்படியே போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். சில நாள் கழித்துத்தான் கிறிஸ்தவர்கள் எஞ்சியதை எடுத்துக் கோட்டாற்றுக்குக் கொண்டுபோனார்கள்.

மலையடியில் வியாகுல அன்னை ஆலயம். மேலே பாறைகள். சுடுவதற்கு முன் செபிக்க நேரம் கேட்டு அவர் முழந்தாளிட்ட இடம் என்று ஒரு தடத்தைக் காட்டுகிறார்கள். அதற்குப் பக்கத்தில்தான் மணியடிச்சான் பாறை. கீழே கிடக்கிற சின்னக் கல்லை எடுத்து அந்தப் பாறையில் தட்டினால் நிஜமாகவே மணிச் சத்தம் வருகிறது. பக்கத்துப் பாறையில் தட்டினால் 'டொக்' என்கிறது, இதில் 'டிங்' என்கிறது. தட்டித் தட்டி அந்த இடம் மட்டும் வெளுத்து வழவழவென்று ஆகியிருக்கிறது. ஒரு பையன் விடாமல் தட்டிக்கொண்டே இருக்க, அவன் அப்பா "போதும்ல, சாமியார் எந்திரிச்சி வந்துருவாரு" என்றார். எல்லோரும் சிரித்துவிட்டோம்.

அவர் அந்தப் பாறையில் என்ன செபித்திருப்பார்? வார்த்தை நமக்கு வந்து சேரவில்லை. ஆனால் நேற்று மரத்தடியில் நான் கட்டி எழுப்பிய வாதம் இந்த இடத்தில் வந்து மாட்டிக்கொண்டது. தவறு செய்தவர் முதலில் காளையோடு வரட்டும் என்றேன். இங்கே யாரும் வரவில்லையே. துப்பாக்கியோடு நின்றவர்களைக் கையில் என்ன இருக்கிறது என்று கேட்டுக்கொண்டிருக்க முடியாது. கல்வாரியிலும் அப்படித்தான். ஆணி அடித்தவர்களில் ஒருவன்கூட மன்னிப்புக் கேட்கவில்லை. "தந்தையே, இவர்களை மன்னியும்" என்று இயேசு சொல்லிவிட்டார்.

இதை எப்படித் தாண்டுவது என்று இறங்கும்போது யோசித்துக்கொண்டே வந்தேன். முழுசாகத் தாண்ட முடியவில்லை. ஒன்றை மட்டும் கவனித்தேன். சிலுவையில் அவர் தந்தையிடம்தான் பேசுகிறார். சேவகர்களைப் பார்த்து 'பரவாயில்லை, நீங்கள் ஒன்றும் செய்யவில்லை' என்று சொல்லவில்லை. அறியாமல் செய்கிறார்கள் என்கிறார். அதாவது, செய்கிறார்கள் என்பதை மறைக்கவில்லை. எங்கள் வீட்டில் மன்னிப்பு என்ற பெயரில் என்னிடம் கேட்கப்படுவது அது இல்லை. நடக்கவே இல்லாதது மாதிரி இரு என்று கேட்கிறார்கள்.

அக்காவிடம் சொன்னேன். "இதுக்கு மலை ஏறி வரணுமா?" என்று முழங்காலைப் பிடித்துக்கொண்டாள்.

ஞாயிறு, கோட்டாறு

சவேரியார் பேராலயம். திருவிழா என்றால் நவம்பர் கடைசியிலும் டிசம்பர் 3-லும் நிற்க இடம் கிடைக்காது. இன்று காலைப் பூசைக்கு நல்ல கூட்டம் என்றாலும் உட்கார இடம் கிடைத்தது. தேவசகாயத்தின் கல்லறை இந்தக் கோவிலுக்குள்தான். 2012 டிசம்பர் 2 அன்று நாகர்கோவிலில் முத்திப்பேறு பெற்றவராக (புனிதர் பட்டத்துக்கு முந்தைய படி) அறிவிக்கப்பட்டார். 2022 மே 15 அன்று ரோமில் திருத்தந்தை பிரான்சிஸ் புனிதராக அறிவித்தார். இந்தியப் பொதுநிலையினரில் முதல் புனிதர் இவர். குருவானவர் இல்லை, துறவி இல்லை, மனைவியோடு வாழ்ந்த ஒரு அரண்மனை ஊழியர் என்பது எனக்குப் பிடித்திருக்கிறது.

சமாதானம் பகிர்ந்துகொள்ளும் நேரத்தில் முன்னால் இருந்த தாத்தா திரும்பி, கைகூப்பி, முகமெல்லாம் சிரிப்பாக வணங்கினார். நானும் வணங்கினேன். முன்பின் தெரியாத ஆளிடம் சமாதானம் சொல்வது எவ்வளவு லேசாக வருகிறது! என் அண்ணன் அந்தப் பெஞ்சில் இருந்திருந்தால் இந்தக் கை இப்படி எழுந்திருக்குமா என்று தெரியாது.

பூசை முடிந்ததும் பாவசங்கீர்த்தனத் தொட்டிக்கு முன் வரிசை நின்றது, தவக்காலம் இல்லையா. வரிசையில் நின்றபடியே அக்கா விரல் மடக்க ஆரம்பித்தாள். சின்ன வயதில் புதுநன்மை (முதல் நற்கருணை) வகுப்பில் உபதேசியார் மனப்பாடம் செய்ய வைத்த பாடம். நல்ல பாவசங்கீர்த்தனத்துக்கு ஐந்து காரியம் வேண்டும்: பாவங்களை நினைத்துப் பார்க்க வேண்டும், மனஸ்தாபப்பட வேண்டும், இனிச் செய்வதில்லை என்று பிரதிக்கினை செய்ய வேண்டும், குருவிடம் சொல்ல வேண்டும், பரிகாரம் செய்ய வேண்டும்.

"அஞ்சாவது விரலை எல்லாரும் மறந்துடுறாங்க" என்றாள். "திருடினவன் மூணு அருள்நிறை மந்திரம் சொல்லிட்டுப் போயிட முடியாது. திருடினதைத் திருப்பிக் கொடுக்கணும். அப்படித்தானே சொல்லித்தந்தாங்க?"

அப்படித்தான். நற்செய்தியில் வரும் வரி வசூலிப்பவன் சக்கேயு, இயேசுவைப் பார்க்க ஏறிய மரத்திலிருந்து இறங்கி வந்து அழுதுகொண்டு நிற்கவில்லை. ஏமாற்றி வாங்கியிருந்தால் நான்கு மடங்காகத் திருப்பித் தருகிறேன் என்று தொகையைச் சொன்னான். இயேசு, அதெல்லாம் வேண்டாம் என்று தடுக்கவும் இல்லை.

மத்தேயு நற்செய்தியின் 18-ஆம் அதிகாரத்தையும் மத்தியானம் எடுத்துப் பார்த்தேன். எழுபது தடவை ஏழு முறை மன்னிக்கச் சொல்வதும், பத்தாயிரம் தாலந்து கடன் மன்னிக்கப்பட்டவன் நூறு தெனாரியத்துக்காக உடன்பணியாளனின் கழுத்தை நெரித்த கதையும் அங்கேதான் வருகின்றன. கடன் கதை என்பதால் எனக்கு இது எப்போதும் உறுத்தும். நூறு தெனாரியம் சில்லறை என்றுதான் நினைத்திருந்தேன். ஒரு தெனாரியம் ஒரு நாள் கூலி என்றால் அது நூறு நாள் உழைப்பு, சின்னத் தொகை இல்லை. அதைத் திருப்பிக் கேட்டது தப்பு என்று கதை சொல்லவில்லை. "பொறுத்துக்கொள், தந்துவிடுகிறேன்" என்று காலில் விழுந்தவனைச் சிறையில் தள்ளியதுதான் தப்பு. இதே அதிகாரத்தில், எழுபது தடவை ஏழு முறைக்குச் சற்று முன்னால், உன் சகோதரன் குற்றம் செய்தால் தனியாகப் போய் அவனிடம் எடுத்துச் சொல் என்றும் இருக்கிறது. அந்த வசனத்தில் எனக்கும் ஒரு வேலை இருக்கிறது. 'போ' என்று சொல்லப்படுவது எனக்குத்தான். இத்தனை காலமும் அண்ணனைப் பற்றி ஊரெல்லாம் பேசியிருக்கிறேன், அண்ணனிடம் பேசியதில்லை.

திங்கள், வடக்கன்குளம்

காவல்கிணறு வழியாகப் பேருந்து. குமரி மாவட்டத்தைத் தாண்டி நெல்லை மாவட்டத்துக்குள் வந்தாயிற்று. 1745 மே 14 அன்று இயேசு சபைக் குரு புத்தாரி இங்கேதான் நீலகண்டப் பிள்ளைக்கு ஞானஸ்நானம் கொடுத்தார். மனைவி பார்கவியும் பின்னர் ஞானஸ்நானம் பெற்று ஞானப்பூ ஆனார். கணவர் கொல்லப்பட்ட பிறகு அவர் இந்த ஊரில் வாழ்ந்து இங்கேயே இறந்ததாகச் சொல்கிறார்கள். கணவனுக்குத் திருத்தலம் திருத்தலமாக எழும்பியிருக்கிறது. சொந்த ஊரை விட்டு வந்து, அந்தச் செய்தியைக் கேட்டுவிட்டு, அடுத்த நாள் காலை எழுந்து அடுப்பு மூட்டிய பெண் யாரை, எப்படி மன்னித்தாள் என்று யாரும் எழுதி வைக்கவில்லை. எனக்கு அவளிடம்தான் கேட்க நிறைய இருக்கிறது.

ஆனால் நான் இந்த ஊரைப் பார்க்க ஆசைப்பட்டது வேறொரு காரணத்துக்காக. இங்கே 1872-ல் கட்டப்பட்ட கோவிலை கால்சட்டைக் கோவில் என்பார்கள். ஒரே பீடம், அதிலிருந்து பிரிகிற இரண்டு நீண்ட கிளைகள். கால்சட்டையின் இரண்டு கால்கள் மாதிரியே இருக்கும். மேல்சாதி என்று சொல்லிக்கொண்டவர்கள் ஒரு காலில், நாடார்களும் மற்றவர்களும் இன்னொரு காலில். நடுவே சுவர். இரண்டு பக்கமும் ஒரே பீடத்தைப் பார்க்கலாம், ஒரே நற்கருணை வாங்கலாம், ஒருவரை ஒருவர் பார்க்க மட்டும் முடியாது. எவ்வளவு யோசித்துக் கட்டியிருக்கிறார்கள்!

அந்தச் சுவருக்கு இரண்டு புறமும் "எங்களுக்குத் தீமை செய்வோரை நாங்கள் மன்னிப்பது போல" என்று நாள்தோறும் செபித்திருப்பார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் தள்ளப்பட்டவர்கள் மனதார மன்னித்தும் இருக்கலாம். அதனால் ஒரு செங்கல்கூட விழவில்லை. 1910-ல் குருக்கள் இடித்தபிறகுதான் விழுந்தது. இடித்ததும் என்ன ஆனது? பிள்ளைமாரும் முதலியாரும் சுவரைத் திரும்பக் கட்ட வேண்டும் என்று வழக்குப் போட்டார்கள். சென்னை உயர் நீதிமன்றம் வரை போய்த் தோற்றார்கள்.

கிளைகள் சேருகிற இடத்தில் நின்று பார்த்தேன். சுவர் இல்லை, ஆனால் கட்டடத்தின் வடிவம் போகவில்லை. ஒரு காலில் உட்கார்ந்தால் இன்றும் மற்றக் காலில் இருப்பவரை முழுசாகப் பார்க்க முடியாது.

சாதியை உதறியவர் என்று நாம் கொண்டாடுகிறவர் ஞானஸ்நானம் பெற்ற ஊரில் அவருக்குப் பிறகு இப்படி ஒரு கோவில் எழுந்திருக்கிறது. புனிதர் பட்டத்துக்கு முன் அவர் பெயரிலேயே 'பிள்ளை' ஒட்டிக்கொண்டிருந்தது. எதிர்ப்பு எழுந்து, மனுக்கள் போய், வத்திக்கான் அதை நீக்கியது. கேட்டவர்களைப் பார்த்தும் 'இப்போ எதுக்கு இந்தப் பேச்சு, சமாதானமா இருங்க' என்று யாராவது நிச்சயம் சொல்லியிருப்பார்கள். காயம் பட்டவனிடம்தான் நாம் எப்போதும் சமாதானத்தைக் கேட்கிறோம், அவன் கொடுத்துவிடுவான் என்பதால். சுவர் எழுப்பியவனிடம் கேட்டால் வழக்குப் போடுவான்.

என் அண்ணன் கடனை இந்தச் சுவரோடு ஒப்பிடக் கூடாது, தெரியும். அங்கே தலைமுறை தலைமுறையான அவமானம், இங்கே பணம். ஆனாலும் அக்கா சொன்னது அங்கே நிற்கும்போது பிடிபட்டது. மன்னித்துவிட்டேன், பணத்தைக் கேட்பேன். பணத்தைக் கேட்பதால் மன்னிப்பு குறைந்துவிடாது. எனக்கு அவர்மேல் இருந்த வன்மம் போக வேண்டும், அது என் பக்கத்து வேலை. அவர் ஒரு ரூபாய்கூடத் தராவிட்டாலும் அதை நான் செய்தாக வேண்டும், அதற்குத்தான் காற்றாடிமலை. ஆனால் அவரும் நானும் மறுபடி அண்ணன் தம்பியாக ஒரே பந்தியில் உட்கார வேண்டும் என்றால், நடந்ததை இரண்டு பேரும் வாய்விட்டுச் சொல்லியாக வேண்டும். அதை நான் ஒருவனாகச் செய்ய முடியாது.

பேருந்துக்குக் காத்திருந்தபோது கைபேசியை எடுத்து அவருக்கு எழுதினேன்: "அண்ணே, ஈஸ்டருக்கு முன்னாடி ஒரு நாள் வீட்டுக்கு வாங்க. உங்களைப் பார்த்துப் பேசணும்." காவல்கிணறு வருவதற்குள் பதில் வந்துவிட்டது. "கண்டிப்பா வரேன் தம்பி, ரொம்ப நாளாச்சு."

அக்காவிடம் காட்டினேன். கண்ணாடியை ஏற்றிவிட்டு இரண்டையும் வாசித்தாள்.

"பணம்னு எங்கயும் எழுதலையே?"

"வந்ததும் பேசலாம்னுதான்."

"வந்து சாப்பிட்டு, தோள்ல கை போட்டுட்டுப் போயிடுவார். நீயும் பேச மாட்டே. இப்பவே எழுது."

திரும்ப எழுதினேன். கடன் தொகையை, நான் கட்டி முடித்த மாதத்தோடு சேர்த்துப் போட்டேன். அவர் தவணை தவணையாகத் தந்தாலும் சரி, முடியாவிட்டால் முடியாது என்று நேரில் சொன்னாலும் சரி என்று சேர்த்தேன். அக்கா இன்னொரு முறை வாங்கி வாசித்து, 'சரி' பக்கத்தில் விடுபட்டிருந்த கமாவைப் போட்டு, அவளே அனுப்பிவிட்டாள்.